கோத்தகிரி வீட்டுப் புதுப்பிப்பு: இரண்டு மழைக்குப் பிறகு

கோத்தகிரியில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் சமையலறை, குளியலறை, பின்கட்டு மூன்றையும் புதுப்பிக்கும் வேலையைக் கோயம்புத்தூர் கான்ட்ராக்டர் ஒருவரிடம் கொடுத்தோம். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. முடிந்த மாதத்திலேயே எழுதியிருந்தால் நல்லபடியாகத்தான் எழுதியிருப்பேன். வீடு அவ்வளவு பளிச்சென்று இருந்தது.

குன்னூர், கோத்தகிரி பக்கம் பெரிய மழை அக்டோபருக்கு மேல்தான். கூடலூர் மாதிரி ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்க்காது. இவர் வேலையை முடித்தது மே மாதம். மழை வருவதற்குள் கடைசித் தவணையும் அவர் கைக்குப் போய்விட்டது.

முதலில் பின்கட்டைச் சொல்கிறேன், பணமும் தூக்கமும் போனது அங்கேதான். வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டி, கருங்கல்லில் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறது. மேட்டு மண்ணில் ஊறும் தண்ணீர் வடிய அதில் வரிசையாக ஓட்டைகள் உண்டு. அந்தத் தண்ணீர் சுவரடியில் ஒரு சின்ன வாய்க்காலில் விழுந்து ஓரமாக ஓடிப்போகும். வாஷிங் மெஷின் வைக்க இடம் வேண்டும் என்று நாங்கள் கேட்டோம். அதற்கு அவர் வாய்க்காலை மூடி டைல்ஸ் ஒட்டிவிட்டார். சுவர் அசிங்கமாக இருக்கிறது என்று அவராகவே சிமெண்ட் பூசி, ஓட்டைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்.

நவம்பரில் நான்கைந்து நாள் விடாமல் பெய்தது. பூச்சு உப்பிக்கொண்டு பாளம் பாளமாக விழ ஆரம்பித்தது. அப்புறம் வீட்டின் பின்சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறிவிட்டது. போன் செய்தால், "மலைன்னா ஈரம் இருக்கத்தான் சார் செய்யும்" என்றார். ஐம்பது வருஷமாக இல்லாத ஈரம்! உள்ளூர் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "இந்த ஓட்டைய எல்லாம் யாரு தம்பி அடைச்சது?" என்பதுதான். கம்பியால் குத்தித் திறந்ததும் சேறும் தண்ணீருமாக வெகுநேரம் வடிந்தது. இன்னொரு மழை பெய்திருந்தால் சுவரே சாய்ந்திருக்கும் என்றார். டைல்ஸை உடைத்து வாய்க்காலைத் திரும்ப எடுக்க நாங்கள்தான் செலவு செய்தோம்.

சமையலறை அலமாரி வேறு கதை. கொட்டேஷனில் 'முதல் தர பிளைவுட்' என்று மட்டும் இருந்தது. சிங்க்குக்குக் கீழே பலகை ஊதிப் பிரிந்தபோது கழற்றிப் பார்த்தோம். பின்பக்க முத்திரையில் ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர எண்ணும், எம்ஆர் என்ற ரகக் குறியும் இருந்தன. அது காய்ந்த அறைகளுக்கான ரகம். தண்ணீர் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வேண்டும். ஆறு மாதம் மூடுபனியில் கிடக்கும் ஊரில் இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கொட்டேஷனில் அந்த எண்ணையே எழுதி வாங்குங்கள். 'முதல் தரம்' என்பதை வைத்து யாரையும் கேள்வி கேட்க முடியாது.

பெயிண்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூச்சு காய்வதற்குள் பட்டி பார்த்து அடித்தார்கள், கொப்புளம் வந்தது.

நியாயமாகச் சொன்னால் குளியலறை நன்றாக இருக்கிறது. வழுக்காத மேட் டைல்ஸ், தரை வாட்டம் சரி, ஒரு சொட்டு தேங்குவதில்லை. வயரிங்கிலும் குறை இல்லை.

வக்கீல் நோட்டீசுக்குப் பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஓட்டைகளைத் திறப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த போட்டோ, பிளைவுட் முத்திரை, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப்பில் அவர் போட்ட பதில்கள் எல்லாம் கொடுத்தாயிற்று. ரொக்கமாகக் கொடுத்த ஒரு தவணைக்கு மட்டும் ரசீது தராமலே இழுத்தடித்தார், அதை நிரூபிப்பதுதான் பாடாக இருக்கிறது.

குளியலறை வேலை மட்டும் என்றால் அவரையே மறுபடி கூப்பிடலாம் என்கிறாள் மனைவி. எனக்கு அதிலும் சம்மதமில்லை.