கொக்குவில் லேத்துக்காரரிடம் மைனருக்கு லிங்க் செய்வித்த கதை

நல்லூர்த் திருவிழா நேரம் என் மொரிஸ் மைனர் பின்பக்கம் "டொக், டொக்" என்று தட்டத் தொடங்கியது. கோண்டாவில் ரயில் கடவையைக் கடக்கும்போது டிக்கிக்குள் யாரோ சுத்தியலோடு இருக்கிற மாதிரி. தேங்காய் உருளுது, இறங்கிப் பாருங்கோ என்று மனைவி இரண்டு தரம் காரை நிற்பாட்ட வைத்தார். டிக்கி வெறுமையாக இருந்தது.

1959ஆம் ஆண்டுக் கார், 948 சி.சி. அப்பா பாவித்த காராக வாங்கி எனக்கு விட்டுப்போனது. இந்தக் காரின் பின்பக்கத்தில் இப்போதைய கார்களில் இருக்கும் குழாய் மாதிரியான ஷொக் அப்சோபர் கிடையாது. எண்ணெய் நிறைந்த ஒரு உலோகப் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை, அந்தக் கையின் நுனியைக் கீழே வில்லுத்தகட்டோடு சேர்க்கும் சாண் நீளம்கூட வராத ஒரு லிங்க். அவ்வளவுதான். லிங்கின் இரண்டு பக்கக் கண்ணிலும் றப்பர் இருக்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் றப்பர் இருந்த இடத்தில் கறுப்புத் தூள் இருந்தது. இரும்பும் இரும்பும் முட்டித்தான் அந்தத் "டொக்".

முதலில் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போன ஒரு சொந்தக்காரரிடம் சொல்லி ஒரு சோடி எடுத்தேன். எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. பெட்டிக்குள் வருடக்கணக்காகக் கிடந்த சாமான், றப்பர் காய்ந்த கொட்டைப்பாக்கு மாதிரி. இரண்டு மாதத்தில் வெடித்துவிட்டது. லண்டனில் இருக்கும் மருமகன் அங்கே புதிது வாங்கலாம் என்றான், ஆனால் சாமானின் விலையைவிட அனுப்புகிற செலவு கூட. காலியில் ஒருகாலத்தில் மைனருக்குச் சாமான் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள், நாங்கள் இங்கிலாந்திலிருந்து எடுப்பதா என்று ஒரு வீம்பும் வந்தது. அப்புறம்தான் லேத்தில் செய்விப்போம் என்று இறங்கினேன்.

லேத் பட்டறை கொக்குவிலில், காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை. வாசலில் மூன்று ஓட்டோவும் சக்கரம் கழற்றிய ஒரு லாண்ட்மாஸ்டரும் (இரண்டு சில்லு உழவு மிசின்) நின்றால் அதுதான் இடம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழையதை வைத்து இழுக்கிற எல்லாரும் இப்படி ஒரு வாசலில் போய் நின்றவர்கள்தான். இறக்குமதி திரும்பத் தொடங்கியும் அங்கே கூட்டம் குறையவில்லை, புதுக் காரின் விலை அப்படி.

உரிமையாளருக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். தொண்ணூறுகளில் தகப்பனோடு நின்று தொழில் பழகியவர். அந்த நேரம் இங்கே கரண்ட் இல்லை, பெற்றோல் தடை, கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம், பின்னால் வருகிறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருவான். தோட்டத்துக்கு இறைக்கிற மிசினில் பெல்ட் பூட்டித்தான் தகப்பன் லேத்தைச் சுற்றியவராம். லொறி ரயரை வெட்டி, கண்ணுக்குள் போகும் றப்பர் வளையமான புஷ் கடைந்து ஒஸ்ரின் A40, மைனர் எல்லாவற்றுக்கும் போட்டதாகச் சொன்னார். நம்பலாம். அந்தக் காலத்து ரயர் றப்பர் புஷ் ஒன்று என் காரின் முன்பக்கத்தில் 2003 வரைக்கும் கிடந்தது.

"சேர், பழையதைத் தாங்கோ, அளவைச் சொல்லாதேங்கோ" என்றார். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவனிடம் சொல்கிற சொல்லா இது! ஆனால் அவர் சொன்னது சரி. நான் வீட்டில் அடிமட்டத்தால் அளந்தது கண்ணின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு. அவர் வேர்ணியரால் நடுவிலிருந்து நடுவுக்கு எடுத்தார். பிறகு ஒரு தடித்த இரும்புத் தகட்டில் அந்தத் தூரத்துக்கு இரண்டு துளை போட்டு, இரண்டு ஊசியை நட்டார். தடித்த குழாயில் வெட்டிய இரண்டு வளையங்களை அந்த ஊசிகளில் மாட்டி, நடுவில் அரை அங்குல உருண்டைக் கம்பியை வைத்து அப்படியே வெல்டிங். கம்பியின் இரண்டு நுனியையும் வளையத்தின் வளைவுக்கு ஏற்றபடி அரைவட்டமாகக் குடைந்திருந்தார், இடைவெளியில் மயிர்கூடப் போகாது. நாலு லிங்கும் அந்தத் தகட்டிலேயே பிறந்தபடியால் ஒன்றுக்கொன்று அச்சு. நாலு ஏன் என்றால், இரண்டு கைவசம் இருக்கட்டும் என்று நான்தான் கேட்டேன். தகடு கிடக்கும்போது மற்ற இரண்டுக்கும் கூலி பெரிதாக இல்லை.

றப்பருக்கு அவர் எடுத்தது ஓட்டோ ஷொக் அப்சோபரின் கண்ணுக்குள் போகும் புஷ். எந்தச் சந்தியிலும் வாங்கலாம், நடுவில் இரும்புக் குழலோடு வரும். குழாய் வளையத்தை அதன் அளவுக்குக் கடைந்து, சவர்க்காரத் தண்ணீர் தடவி வைஸில் வைத்து நெரிக்க, "ப்ளக்" என்று உள்ளே போனது. பழைய லிங்கோடு சேர்ந்தே வந்த ஆணிக்குப் பதிலாகத் தலையில் 8.8 என்று உறுதித் தரம் பொறித்த போல்ட், தளராத நைலோன் நட். காரின் போல்ட்டுகளின் திருகு நூல் எல்லாம் அங்குலக் கணக்கு, இந்தப் போல்ட் மில்லிமீற்றர். ஷொக் கையின் துளையும் அறுபது வருடத்தில் முட்டை வடிவாகிப் போயிருந்தது. அதைக் கொஞ்சம் பெருப்பித்து உள்ளே ஒரு குழல் கடைந்து இறுக்கி, இரண்டு சிக்கலையும் ஒரேயடியாக முடித்தார். இதை நான் கேட்கவில்லை, அவராகப் பார்த்துச் செய்தது. அவருடைய மகன் றப்பர் வேண்டாம், இரும்புக் குண்டு சுழலும் மூட்டுப் போடுவோம் என்று போனில் படம் காட்டினான். எங்கள் ஒழுங்கைப் புழுதிக்கு அது ஆறு மாதத்தில் கிலுகிலுப்பையாகிவிடும், நான் மறுத்துவிட்டேன்.

கணக்கு: நாலு லிங்குக்கும் கடைசல், வெல்டிங், கம்பி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய். புஷ் எட்டு, ஒன்று 350 படி 2,800. போல்ட், நட், வாஷர் 1,600. மொத்தம் 13,400.

எனக்கு இந்த மனிதர் மேல் மதிப்பு வந்தது வேறொரு இடத்தில். முன் சில்லைப் பிடிக்கும் கீழ்க் கையை முன்னோக்கிப் பிடித்திருக்கும் நீளக் கம்பியும் துருப்பிடித்திருக்கிறது, அதையும் இப்படியே ஒட்டித் தாங்கோ தம்பி என்றேன். முடியாது என்றுவிட்டார். "பின் லிங்க் முறிஞ்சால் கார் ஆடும் சேர், வீட்டுக்கு வரலாம். அது முறிஞ்சால் சில்லு பின்னுக்குப் போகும்." காசு வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? அதோடு நிற்காமல், முன் சில்லைத் தாங்குகிற மேல் கீழ் திருகு நூல் மூட்டுகளுக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தீர்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மைனரில் அந்தக் கீழ் மூட்டு காய்ந்து தேய்ந்தால் நூல் கழன்று சில்லு மடிந்து படுத்துவிடும். மைனர்க்காரர் எல்லாருக்கும் தெரியும், தெரிந்தும் மறப்போம். அன்று பின்னேரமே அடித்தேன்.

பூட்டியது வீட்டில், நானே. மாமரத்துக்குக் கீழே அரை நாள் வேலை. அவர் சொல்லிவிட்ட ஒன்று முக்கியம்: ஜாக்கில் தூக்கி வைத்தபடி போல்ட்டை இறுக்கக் கூடாது. காரை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் நின்ற பிறகுதான் கடைசி இறுக்கம். இல்லையென்றால் றப்பர் முறுகின நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். கை விட்ட கையோடு ஷொக் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், இடப்பக்கம் எண்ணெய் பாதிகூட இல்லை. மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு விடுகிற எண்ணெய் விட்டேன்.

நாலு மாதமாயிற்று. பருத்தித்துறைக்கு இரண்டு தரம், சாவகச்சேரிக்கு ஒரு தரம் போய் வந்தாயிற்று. தட்டல் இல்லை. லிங்கின் வெல்டிங்கைச் சுரண்டிப் பார்த்தேன், கீறல் இல்லை. தட்டல் நின்ற பிறகு டைனமோ கீச்சிடுவது கேட்கிறது, அது வேறு கதை.

குறை இல்லாமல் இல்லை. புதன்கிழமை தருகிறேன் என்றது அடுத்த வாரத்துப் புதன்கிழமை. போனை எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். பில் துண்டு தரமாட்டார், எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதித் தருவார். வெல்டிங் தெறித்த பொட்டுகளை அரத்தால் நான்தான் எடுத்தேன். நிறமும் அடிக்கவில்லை, மழைக்காலத்துக்கு முன்னம் நானே துருத்தடுப்பு பூசினேன். இதற்காக ஐந்தில் ஒரு புள்ளி குறைக்கிறேன். நாலு.

போகிறவர்கள் காலை பத்து மணிக்கு முன் போங்கள், பிறகு லாண்ட்மாஸ்டர்க்காரர் வந்துவிடுவார்கள். பழைய சாமானை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு போங்கள். கிறீஸோடு கொண்டுபோனால் அந்த மேசையில் வைக்க விடமாட்டார்.