லேபிளில் 42, துணியில் 40: ரெடிமேட் பிளவுஸ் வாங்குவோர் கவனத்துக்கு

அப்பாவின் மணிவிழாவைத் திருக்கடையூரில் வைத்திருந்தோம். வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும் ஒரே மாதிரி மயில்கழுத்து நிறத்தில் பிளவுஸ் போடலாம் என்று ஆசையாகச் சொன்னது நான்தான். எங்களுக்கு எப்போதும் தைத்துக் கொடுக்கும் அக்காவிடம் கேட்டபோது, முகூர்த்த மாதம், கையில் ஏற்கெனவே கல்யாண வீட்டுத் துணிகள் குவிந்து கிடக்கின்றன, ஒரு மாதத்துக்குள் முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் இன்ஸ்டாகிராமில் ரெடிமேட் பிளவுஸ் விற்கும் ஒரு பக்கத்தில் ஆர்டர் கொடுத்தேன். ஒன்று 850 ரூபாய். ஐந்துக்கும் சேர்த்து 4,250 ரூபாயை முன்கூட்டியே யுபிஐயில் அனுப்பினேன்.

அளவு விஷயத்தில் நான் அலட்சியமாக இருக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் டேப் வைத்து அளந்தேன். அம்மாவுக்கு மார்புச் சுற்றளவு 41 அங்குலம். அதை வாட்ஸ்அப்பில் சொல்லி எது சரியாக இருக்கும் என்று கேட்டேன். "42 எடுங்கள் மேடம், உள்ளே இரண்டு அங்குலம் துணி விட்டிருக்கிறோம், பிரித்தால் 44 வரை போடலாம்" என்று பதில் வந்தது. அத்தைக்கும் அதே 42. தங்கைக்கும் அண்ணிக்கும் எனக்கும் 36, 38.

பார்சல் வந்தது விழாவுக்கு இரண்டு நாள் முன்பு. எங்கள் மூவருக்கும் ஓரளவு பொருந்தியது. அம்மாவுக்குக் கை பாதியிலேயே இறுகி நின்றுவிட்டது. எப்படியோ இழுத்துப் போட்டாலும் கீழே மூன்று கொக்கிகள் எட்டவே இல்லை. அத்தைக்கும் அதே கதி. அம்மா பிளவுஸைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "நான்தான் பெருத்துவிட்டேன் போலிருக்கிறது" என்றார். முகம் சுருங்கிவிட்டது. அன்று மாலை காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பணம் போனதைவிட எனக்கு வலித்தது இதுதான்.

பிரித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்க இரண்டையும் தையல்கார அக்காவிடம் எடுத்துப் போனேன். அவர் கொக்கிகளை மாட்டி, பிளவுஸை மேசைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை டேப்பை வைத்தார். 20 அங்குலம். இரட்டித்தால் 40. உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு அங்குலம் இருக்க வேண்டிய இடத்தில் அரை அங்குலம்தான் இருந்தது. அதையும் ஒட்ட வெட்டி, ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் தையல் அடித்திருந்தார்கள். பிரிக்க வழியே இல்லை. பிறகு கழுத்துப் பக்கம் இருந்த லேபிளை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒரு ஓரத்துத் தையலை மட்டும் மெல்லப் பிரித்தார். 42 என்ற லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள். அதில் 40. அத்தையின் பிளவுஸிலும் அப்படியே. தைத்து வந்த 40 அளவுப் பிளவுஸின் மேல் 42 என்ற துண்டை ஒட்டித் தைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில், "உங்கள் அளவைத் தவறாகச் சொல்லியிருப்பீர்கள்" என்றார்கள். டேப்போடு எடுத்த படத்தை அனுப்பியதும், பார்சல் பிரித்தபோது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் கிடையாது என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறோமே" என்று எழுதிவிட்டு என்னைத் தடை செய்துவிட்டார்கள்.

அந்த வரியைப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் குறையுள்ள பொருளையும் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக்கூடாது. உடைகளின் லேபிளில் எஸ், எம், எல் போன்ற குறியீட்டோடு அளவைச் சென்டிமீட்டரிலும் குறிக்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. எங்களுக்கு வந்த ஐந்தில் ஒன்றில்கூட அது இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் அழைத்தபோது ரசீது, பணம் அனுப்பிய விவரம், உரையாடலின் படங்கள் ஆகியவற்றைக் கேட்டார்கள். உரையாடலை நான் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதில் தீராவிட்டால், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் அங்கே அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று: 42 என்ற எண்ணை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். சில கடைகளில் அது போடுபவரின் உடம்பு அளவு. சில கடைகளில் தைத்து முடித்த துணியின் அளவு. இரண்டும் ஒன்றல்ல. உடம்போடு ஒட்டி நிற்கும் பிளவுஸில் இந்த வித்தியாசம் ஓர் அங்குலம்தான் இருக்கலாம். தளர்வாகப் போடும் குர்த்தியில் இரண்டு முதல் நான்கு அங்குலம் வரை இருக்கும். எல், எக்ஸ்எல் என்பதும் கடைக்குக் கடை மாறுகிறது. ஒரு கடையின் எல் 38, அடுத்த கடையின் எல் 40. நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றை, தையல்காரரிடம் அளவுக்குக் கொடுப்போமே, அதை எடுத்து அந்த அக்கா செய்ததுபோல விரித்து அளந்துகொள்ளுங்கள். விற்பவரும் நீங்கள் வாங்கப்போகும் அதே உருப்படியை விரித்து, டேப் வைத்துப் படம் அனுப்பட்டும். மார்பு அளவோடு கைச் சுற்றளவையும் கைக்குழியையும் (கை வந்து சேரும் இடத்தின் அளவு) கட்டாயம் கேளுங்கள். பெரிய அளவுகளில் மார்பை மட்டும் கூட்டிவிட்டுக் கையைச் சின்னதாகவே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதான பெண்களுக்கு முதலில் இறுகுவது கைதான். உள்ளே பிரிக்கத் துணி இருக்கிறது என்று சொன்னால் உள்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கப் வைத்துத் தைத்த பிளவுஸ் என்றால் துணி இருந்தாலும் பிரிப்பது கடினம். முக்கியமாக, பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டாலும் சட்டப்படி உங்கள் உரிமை போய்விடாது, ஆனால் வீடியோ இருந்தால் வீண் வாக்குவாதம் மிச்சமாகும்.

திருக்கடையூரில் எடுத்த படங்களில் எங்கள் மூவருக்கும் மயில்கழுத்து நிறம். அம்மாவும் அத்தையும் பழைய அரக்கு நிறப் பிளவுஸில் இருக்கிறார்கள்.

1915இல் புகார் பதிந்த மூன்றாவது வாரம் வேறு ஓர் எண்ணிலிருந்து அழைத்து, அடுத்த ஆர்டரில் 500 ரூபாய் குறைத்துத் தருகிறோம், புகாரைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். இரண்டு பிளவுஸுக்கான 1,700 ரூபாயும் வந்தால்தான் என்று சொல்லிவிட்டேன். இன்னும் வரவில்லை. லேபிள் பாதி பிரிந்த அந்தப் பிளவுஸ்களைப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தையல்கார அக்காவுக்கு இப்போது வேலை குறைந்திருக்கிறது. அதே மயில்கழுத்துத் துணி எடுத்துவைத்து, அளவு கொடுக்க வாருங்கள் என்று அம்மாவை இரண்டு முறை கூப்பிட்டுவிட்டேன். அடியில் இருந்த 40ஐயும் காட்டினேன். "உடம்பு கொஞ்சம் இளைக்கட்டும், அப்புறம் வருகிறேன்" என்கிறார்.