வீட்டுக் கணினியில் ஃபவுண்ட்ரி விடிடி: இணைப்பு எங்கே அறுகிறது?

ஃபவுண்ட்ரி விடிடி என்பது டேபிள்டாப் ரோல்பிளே ஆட்டங்களை ஆன்லைனில் ஆடுவதற்கான மென்பொருள். இதில் ஆட்டத்தை நடத்துபவரிடம் மட்டும் உரிமம் இருந்தால் போதும், மற்றவர்கள் பிரவுசர் வழியாகவே வந்துவிடலாம். பதிலுக்கு சர்வர் பொறுப்பு முழுக்க நம்முடையது. நீண்ட காலப் பயன்பாட்டில் தெளிவாவது: "உள்ளே வர முடியல" என்று யாராவது சொன்னால் மென்பொருளை மறுபடி நிறுவுவது வீண்வேலை. கோளாறு பெரும்பாலும் ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோதான் இருக்கும்.

முதலில் அதே கணினியின் பிரவுசரில் 127.0.0.1:30000 திறக்கிறதா பாருங்கள் (முன்பாதி கணினி தன்னையே அழைக்கும் முகவரி, 30000 என்பது ஃபவுண்ட்ரியின் போர்ட், அதாவது இணைப்புகள் நுழையும் வாசல் எண்). திறந்தால், அதே வைஃபையில் இருக்கும் போனில் கணினியின் உள் ஐபியைப் போடுங்கள். இங்கே நின்றுவிட்டால் ஃபயர்வால்தான். விண்டோஸில் அனுமதி 'பிரைவேட்' நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுக்கப்பட்டு, இணைப்பு 'பப்ளிக்' என்று பதிவாகியிருக்கும். கடைசியாக போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வெளி ஐபியைச் சோதியுங்கள். வீட்டுக்குள்ளிருந்தே வெளி ஐபியைச் சோதித்தால் பல ரவுட்டர்கள் திருப்பி அனுப்பாது. எல்லாம் சரியாக இருந்தும் பழுது போலத் தெரியும்.

பிழைச் செய்தியையும் படியுங்கள். உடனே 'மறுக்கப்பட்டது' என்று வந்தால் கோரிக்கை ஏதோ ஒரு கருவி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கே அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. வெகுநேரம் சுற்றி 'டைம்அவுட்' ஆனால் வழியில் எதுவோ விழுங்கிவிட்டது.

யூபிஎன்பி (மென்பொருளே ரவுட்டரிடம் வழி கேட்கும் வசதி) தானாகவே போர்ட்டைத் திறக்க முயலும், ஆனால் நம்பி உட்கார வேண்டாம். ரவுட்டரில் டிசிபி 30000-ஐக் கையாலேயே ஃபார்வர்டு செய்து (வெளியிலிருந்து அந்த போர்ட்டுக்கு வருவதை நம் கணினிக்குத் திருப்பிவிடுவது), கணினிக்கு டிஎச்சிபி ரிசர்வேஷன் (உள் ஐபி மாறாமல் வைக்கும் அமைப்பு) போடுங்கள். போன வாரம் ஓடியது இந்த வாரம் ஓடவில்லை என்றால், உள் ஐபி மாறி, ஃபார்வர்டு பழைய முகவரியையே காட்டிக்கொண்டிருக்கலாம்.

இவ்வளவும் செய்து பயனில்லையா? ரவுட்டரின் வேன் ஐபியை (இணைய நிறுவனம் அதற்குத் தரும் முகவரியை) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் சிஜிநாட். ஒரே வெளி ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். இதற்கு எந்த ஃபார்வர்டிங்கும் உதவாது. (கணினிகளைத் தனி நெட்வொர்க்காக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளும் இதே வரிசை முகவரிகளைத்தான் தருகிறது. அதனால் கணினியில் அல்ல, ரவுட்டரில் பார்க்க வேண்டும்.) 192.168 என்று தொடங்கினால் மோடமே இன்னொரு ரவுட்டராக இயங்குகிறது. அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக இருக்கும் நிலைக்கு) மாற்றுங்கள்.

சிஜிநாட்டுக்குத் தனி ஐபி வாங்குவதே நேர்வழி. டெயில்ஸ்கேலும் அதே வகையான ஜீரோடியரும் நன்றாக ஓடும். ஆனால் ஆடுபவர் ஒவ்வொருவரும் நிறுவ வேண்டும். நம் சர்வரை கிளவுட்ஃப்ளேர் வழியாக வெளியே காட்டும் கிளவுட்ஃப்ளேர் டனலில் அந்தத் தொல்லை இல்லை, சொந்த டொமைன் இருந்தால் எச்டிடிபிஎஸ்ஸும் (மறையாக்கப்பட்ட இணைப்பு) கிடைக்கும். குரல், வீடியோவுக்கு அது அவசியம்: வெறும் எச்டிடிபியில் பிரவுசர் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டுமே மைக்கைத் தரும் என்பதால், நடத்துபவரின் மைக் வேலை செய்யும், மற்றவர்களுடையது செய்யாது. கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் ஒரே அப்லோடு 100 எம்பியைத் தாண்டக் கூடாது.

சர்வருக்கு வரும் கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் மென்பொருளான என்ஜின்எக்ஸை முன்னால் வைத்தால் அப்கிரேட், கனெக்‌ஷன் ஹெட்டர்களைக் கடத்த மறக்காதீர்கள். இல்லையேல் பக்கம் வரும், வெப்சாக்கெட் (தொடர்ந்து திறந்திருக்கும் இருவழி இணைப்பு) வராது. மேப் ஏற்றும்போது 413 பிழை வந்தால், கோரிக்கையின் இயல்பு வரம்பான 1 எம்பியை உயர்த்த வேண்டும்.

எல்லாரும் உள்ளே வந்தபின் காட்சி ஏறத் தாமதமானால் அது அப்லோடு வேகம். 15 எம்பி மேப்பை 5 பேருக்கு அனுப்ப 75 எம்பி, அதாவது 600 மெகாபிட். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் ஒரு நிமிடம் முழுசாகப் போய்விடும். பிஎன்ஜி படத்தை வெப்பி (WebP) வடிவமாக ஆக்கினால் அளவு வெகுவாகச் சுருங்கும். பெரிய காட்சிகளை முன்கூட்டியே 'பிரீலோடு' செய்யுங்கள். ஆட்டம் பேச்சில் ஓடும் நேரத்தில் அது பின்னால் இறங்கிவிடும்.