திரும்ப வரும் வரிகளைத் தேட: சஃபிக்ஸ் ட்ரீயா, சஃபிக்ஸ் அரேயா?

பல இடங்களில் சேர்த்த தமிழ்க் கட்டுரைகள், மொத்தம் 200 எம்பி. ஒரே பத்தி எங்கெல்லாம் மறுபடி வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. உரையின் ஒவ்வோர் இடத்திலிருந்தும் கடைசிவரை உள்ள துண்டுதான் சஃபிக்ஸ், அதாவது பின்னொட்டு. இவற்றை மரம்போல் கிளைபிரித்து வைப்பது சஃபிக்ஸ் ட்ரீ; வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தை மட்டும் பட்டியலாக வைப்பது சஃபிக்ஸ் அரே. முதலில் ட்ரீ எழுதினேன். இப்போது சஃபிக்ஸ் அரேக்கு மாறிவிட்டேன்.

வேகம் இங்கே பெரிய விஷயமில்லை. 1973-இல் வைனர் தந்த ட்ரீயும் சரி, 1990-இல் மான்பரும் மையர்ஸும் தந்த அரேயும் சரி, இன்றைய முறைகளில் உரையின் நீளத்துக்கு நேர் விகிதமான நேரத்தில் கட்டி முடிந்துவிடும்.

முடிவைத் தீர்மானித்தது மெமரிதான். ட்ரீயில் கிளை பிரியும் ஒவ்வொரு கணுவும் தொடக்கம், முடிவு, பிள்ளைகள், சஃபிக்ஸ் லிங்க் (முதல் எழுத்தை நீக்கினால் வரும் கணுவுக்கான சுட்டி) என்று சுமக்கிறது. நான் எழுதிய ட்ரீ உரையின் ஒவ்வொரு பைட்டுக்கும் 40 பைட் கேட்டது; 200 எம்பிக்கு 8 ஜிபி. என் மடிக்கணினியில் இருப்பதே அவ்வளவுதான், பாதியில் நின்றுவிட்டது. நன்றாகச் சுருக்கி எழுதினால் சராசரி 10 பைட் அளவுக்குக் கொண்டுவரலாம், ஆனால் அந்த நிரலைப் பராமரிப்பது பெரும்பாடு. அரேக்கு 4 பைட், பொதுமுன்னொட்டு நீளங்களுக்கு (வரிசையில் அடுத்தடுத்த பின்னொட்டுகள் தொடக்கத்தில் ஒத்துப்போகும் நீளம்) இன்னொரு 4. உரையையும் சேர்த்து 1.8 ஜிபியில் முடிந்தது. மரபணுத் தொடர்களை ஒப்பிடும் மம்மர் மென்பொருளும் ட்ரீயில் தொடங்கி, 2018-இல் வந்த நான்காம் பதிப்பில் அரேக்கு மாறியது.

வேலை செய்யும் விதமும் எளிது. 'சலசல' என்பதன் பின்னொட்டுகளை வரிசைப்படுத்தினால் சல, சலசல, ல, லசல. முதல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து 'சல'வைக் காட்டிக்கொடுக்கின்றன. பக்கத்துப் பின்னொட்டுகள் எத்தனை எழுத்து ஒத்துப்போகின்றன என்று பார்த்தால் போதும்.

மிக நீளமான ஒரே ஒரு பகுதி மட்டும் வேண்டுமென்றால் ரோலிங் ஹாஷும் (உரையில் நகர்ந்துகொண்டே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் கணக்கிட்டு ஒப்பிடுவது) பைனரி சர்ச்சும் (நீளத்தைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடுவது) போதும். உரை வளர்ந்துகொண்டே இருந்தால் உக்கோனன் என்பவர் தந்த முறையில் கட்டும் ட்ரீ பொருத்தமாக இருக்கலாம். வந்த எழுத்தை அப்படியே சேர்த்துக்கொள்ளும். என் உரை மாறாதது, அதனால் அந்தப் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு.

தமிழுக்கு ஒன்று கவனிக்க வேண்டும். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தோ, கால், கொம்பு போன்ற துணைக்குறியோ) 3 பைட், முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. பைட்டுகளாக ஒப்பிட்டால் பொருத்தம் எழுத்தின் நடுவே போய் முடியும். அப்புறம் ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்து மாற்றினேன். நீளம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றானது. அரே மட்டும் 300 எம்பிக்குள் அடங்கியது. ட்ரீக்கும் இதே லாபம் உண்டு, ஆனாலும் அரேயைவிடப் பல மடங்கு மெமரி கேட்கும்.