உப்புத்தாள் தட்டுக்கு எந்த மோட்டார்: டிரெட்மில்லா, வாஷிங் மெஷினா, தண்ணீர் பம்பா?

பழைய சாமான்களைக் கொண்டு வீட்டுப் பட்டறை அமைப்பவர்கள் முதலில் செய்து பார்ப்பது பெரும்பாலும் உப்புத்தாள் தட்டாகத்தான் இருக்கும். ஒரு மோட்டார், அதன் முனையில் வட்டத் தட்டு, தட்டின் மேல் ஒட்டிய உப்புத்தாள், முன்னால் சின்ன மேசை. அவ்வளவுதான் எந்திரம். சட்டத்துக்குப் பழைய ஆங்கிள் போதும், மேசைக்கு உடைந்த கட்டிலின் பலகை போதும். அதிலெல்லாம் பெரிய யோசனை இல்லை. மோட்டார் விஷயத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறோம்.

நான் இதே தட்டை மூன்று முறை செய்துவிட்டேன். முதலில் டிரெட்மில் மோட்டார், அடுத்து முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷினின் மோட்டார், இப்போது அரைக் குதிரைத்திறன் தண்ணீர் பம்பு. நான் பம்பு கட்சி. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

மிக்சி மோட்டாரையும் மின்விசிறியையும் கேட்பவர்கள் உண்டு. மிக்சி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேல் பறக்கும், சில நிமிடங்களில் சூடேறிவிடும். மின்விசிறிக்கோ வேகமும் கிடையாது, பலமும் கிடையாது. இரண்டையும் விட்டுவிடலாம்.

டிரெட்மில் மோட்டாரின் கவர்ச்சி எனக்கும் தெரியும். நேர்மின்சாரத்தில் ஓடும் காந்த மோட்டார் அது. வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் இழுவை அவ்வளவாகக் குறையாது. ஒரு குமிழைத் திருப்பினால் மரத்துக்கு ஒரு வேகம், இரும்புக்கு இன்னொரு வேகம். தகட்டில் இரண்டரைக் குதிரைத்திறன் என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் கை பரபரக்கும். ஆனால் அந்த எண் பெரும்பாலும் உச்சத் திறன்தான், நாள் முழுக்க ஓடும் திறன் இல்லை. இன்னும் இரண்டு விஷயங்கள் உண்டு. பல டிரெட்மில் மோட்டார்களில் கனச்சக்கரம் இடமரையில் (இடப்பக்கம் திருகினால் இறுகும் மரை) முடுக்கப்பட்டிருக்கும். மோட்டாரை எதிர்த்திசையில் ஓட்டினால் சக்கரம் தானே கழன்று பறக்க வாய்ப்பு உண்டு. அடுத்து, அதன் கன்ட்ரோல் போர்டு பல மாடல்களில் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாக இணைந்திருக்கும். வேகக் குமிழுக்குப் போகும் மெல்லிய கம்பியில்கூட முழு மின்சாரம் இருக்கும். பொம்மைக் கம்பி மாதிரி இருக்கிறதே என்று தொட்டுவிடாதீர்கள்.

வாஷிங் மெஷின் மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சொல்வது பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள பழைய வகை. டிரம் 1,000 சுற்று சுற்ற, மோட்டார் பத்தாயிரத்தைத் தாண்டிச் சுற்றும்படி செய்யப்பட்டது. முழு மின்சாரத்தில் சுமையில்லாமல் விட்டால் கட்டுப்பாடின்றி வேகம் எடுக்கும். மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி ஒன்றைப் போட்டு அடக்கலாம் என்று நானும் முயன்றேன். கட்டையை வைத்து அழுத்தியதும் நின்றுவிடும், எடுத்ததும் சீறும். வால்பக்கத்தில் உள்ள வேகமானிச் சுருளைப் படித்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் போர்டு இருந்தால்தான் ஒழுங்காக ஓடும். பிரஷ் இல்லாத, டிரம்மிலேயே நேராகப் பூட்டிய புதிய வகையை நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இனி நான் கட்சி மாறிய காரணத்துக்கு வருகிறேன். தூள்.

மோட்டார் தேர்வு என்றால் எல்லோரும் வேகம், குதிரைத்திறன் என்றே பேசுகிறோம். உப்புத்தாள் தட்டின் வேலையே தூள் செய்வதுதான், மோட்டார் இருப்பதும் அந்தத் தூளுக்கு நடுவில்தான் என்பது ஏனோ நினைவுக்கு வருவதில்லை. டிரெட்மில் மோட்டாரின் உடம்பில் ஜன்னல்கள் திறந்திருக்கும். அதன் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் சுருளைக் குளிர்விக்கிறது. காற்றோடு தூளும் போகும். மரத்தூள் என்றால் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் அடையும், பிரஷ் அதன் கூட்டில் சிக்கிக்கொண்டு சரியாக இறங்காது. பிரஷ் பொறி விடும் இடத்தில் மெல்லிய மரத்தூள் சேர்வது தீப்பிடிக்கவும் வழி. இரும்புத்தூள் என்றால் இன்னும் மோசம். உள்ளே இருப்பது நிரந்தரக் காந்தம் ஆயிற்றே, போன தூள் வெளியே வராது. காந்தத்தின் மேல் மீசை மாதிரி முளைத்து நிற்கும்.

என் முதல் எந்திரம் ஆறேழு மாதம் நன்றாக ஓடியது. ஒருநாள் இரும்புப் பட்டையின் பிசிறை எடுத்துக்கொண்டிருந்தபோது கசிவு பிரேக்கர் (மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. தூக்கிவிட்டேன், மறுபடி விழுந்தது. பிரித்துப் பார்த்தால் பிரஷ் கூட்டில் இருந்து உடம்பு வரைக்கும் கறுப்பாக ஒரு படலம். பிரஷ் தேய்ந்த கரித்தூளும் இரும்புத்தூளும் சேர்ந்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுவைத்திருந்தன. அந்த பிரேக்கர் இல்லாமல், எர்த்தும் சரியில்லாமல் இருந்திருந்தால் என் கைதான் பாதையாகியிருக்கும். ஜன்னல்களில் துணி கட்டிப் பார்த்தேன், சூடு தாங்கவில்லை. மோட்டாரைத் தள்ளி வைத்து நீளமான பெல்ட் போட்டேன், கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மாதம் ஒருமுறை பிரித்துத் துடைப்பது என்று ஆகிவிட்டது. வாஷிங் மெஷின் மோட்டாருக்கும் இதே கதை. உள்ளே காந்தம் இல்லாததால் இரும்புத்தூள் அப்படி ஒட்டாது, ஆனால் திறந்த உடம்பும் பிரஷும் அதற்கும் உண்டு.

தண்ணீர் பம்பின் மோட்டாரில் பிரஷ் இல்லை, பொறி இல்லை, காந்தம் இல்லை. நல்ல பம்பில் உடம்பு முழுக்க மூடியிருக்கும், விசிறி பின்பக்க மூடிக்குள் இருந்து வெளிப்புறத்துக்கு மட்டும் காற்று வீசும். தூள் உடம்பின் மேல் படியும், உள்ளே போகாது. வாரம் ஒருமுறை ஒரு பழைய தூரிகையால் விசிறி மூடியைத் தட்டிவிட்டால் பராமரிப்பு முடிந்தது. தேயக்கூடியது இரண்டு பேரிங், கெட்டுப்போகக்கூடியது ஒரு கெபாசிட்டர். இரண்டுமே எங்கும் கிடைக்கும் சாமான்கள். பேரிங் மாற்றும்போது ரப்பர் மூடி உள்ளதாகப் போட்டுவிடுங்கள். ஆனால் எல்லாப் பம்பும் மூடிய உடம்பு அல்ல. பக்கவாட்டில் காற்றுத் துளை தெரிந்தால் அதை எடுக்க வேண்டாம்.

வாங்கும்போது ஷாஃப்டை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பம்பு பக்கத்து சீல் ஒழுகி முன் பேரிங் துருப்பிடித்திருப்பதுதான் வழக்கமான நோய், அதற்கு மருந்து உண்டு. சுருள் எரிந்த வாடை அடித்தால் மட்டும் திரும்பி வந்துவிடலாம். மூன்று கம்பி வெளியே வந்தால் மல்டிமீட்டரில் மூன்று ஜோடிகளையும் அளந்து பாருங்கள். இரண்டு சின்ன அளவுகளின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமமாக வந்தால் சுருள்கள் அறுந்துபோகவில்லை என்று அர்த்தம். கம்பிக்கும் உடம்புக்கும் இடையே மெகர் (மின்காப்பை அளக்கும் கருவி) வைத்துப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள், தண்ணீரில் வாழ்ந்த மோட்டார் அது. பிரிக்கும்போது இன்னொன்று: சில பம்புகளில் முன் பேரிங் உட்கார்ந்திருப்பதே பம்பின் வார்ப்பு உடம்பில்தான். வேண்டாத பாகம் என்று அறுத்துவிட்டால் ஷாஃப்ட் அந்தரத்தில் தொங்கும்.

பம்பின் குறைகளை மறைக்கப் போவதில்லை. வேகத்தை மாற்ற முடியாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஏறத்தாழ 2,880 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 3,450 சுற்று. அதில் 250 மில்லிமீட்டர் தட்டை நேராகப் பூட்டினால் விளிம்பு நொடிக்கு 37 மீட்டருக்கு மேல் ஓடும், மரம் கருகும். ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் புல்லி போட்டால் 19 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். பெல்ட் தொந்தரவு வேண்டாம் என்றால் 150 மில்லிமீட்டர் தட்டை நேராகப் பூட்டலாம், விளிம்பு வேகம் 23 மீட்டருக்குள் நிற்கும்.

இரண்டாவது குறை, தொடக்க இழுவை குறைவு. பம்பு புறப்படும்போது தண்ணீர் பெரிய சுமை கொடுக்காது, வேகம் ஏற ஏறத்தான் சுமை கூடும். அதற்கேற்பச் செய்த மோட்டார் இது. இதன் முனையில் கனமான இரும்புத் தட்டைப் பூட்டினால் முனகிக்கொண்டே கிளம்பும், சுருளும் சூடாகும். நான் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் தட்டு வெட்டினேன், ஓரிரு நொடியில் முழு வேகம் வந்துவிடுகிறது.

சுவிட்ச், ஒயர், எர்த் மூன்றையும் மட்டும் புதிதாக வாங்குங்கள், அதில் பழசு வேண்டாம். மின்சாரம் போய் வந்தால் தானாகக் கிளம்பாத வகை சுவிட்ச் இருந்தால் இன்னும் நல்லது. மரமும் இரும்பும் ஒரே தட்டில் தேய்ப்பவர்கள் மாற்றும் முன் தூளைச் சுத்தமாக அள்ளிவிட வேண்டும், இரும்புப் பொறி மரத்தூளில் விழுந்தால் புகைந்துகொண்டே இருக்கும்.

என் பம்பு ஓடத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பெரும்பாலும் மர வேலை, ஒருநாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. அதற்குள் ஒரு கெபாசிட்டர் மட்டும் மாற்றினேன். காலை முதல் மாலை வரை ஓட்டுபவருக்கு எப்படி இருக்கும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். கத்தி செய்பவர்கள் மாதிரி நிமிடத்துக்கு நிமிடம் வேகம் மாற்ற வேண்டியவர்களுக்கு டிரெட்மில்தான் வசதி, துடைக்கும் வேலையை ஏற்றுக்கொண்டால்.

என் டிரெட்மில் மோட்டாரும் வீணாகவில்லை. கழுவித் துடைத்து, புது பிரஷ் போட்டு, துளை போடும் எந்திரத்தின் உச்சியில் ஏற்றிவிட்டேன். அங்கே தூள் கீழே விழுகிறது, மோட்டார் மேலே இருக்கிறது.