“சில் மாத்தியாச்சாம்!”: ஒரு பழைய எம்ஜிபியோடு நாலு வருஷம்

போன வாரம் கூட வேலை பார்க்கும் மதுரைத் தம்பி ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். 1976 மாடல் எம்ஜிபி, அதாவது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பச்சை நிறம், நாலாயிரம் பவுண்டுக்குக் கீழே. இரண்டாவது தடவையாக விலையைக் குறைத்திருக்கிறார்கள். “அண்ணே, சில்லெல்லாம் மாத்தியாச்சுன்னு போட்டிருக்கான். வாங்கலாமா?” என்று கேட்டிருந்தான். (சில் என்றால் கதவுக்கு அடியில் ஓடும் தகட்டுப் பெட்டி, விவரம் பின்னால்.) இரண்டு வரியில் பதில் போட நினைத்தேன். முடியவில்லை.

என்னுடையது 1978 மாடல், கறுப்பு ரப்பர் பம்பர் வைத்தது, கூரையை மடக்கிக்கொள்ளலாம். 2021 அக்டோபரில் 3,400 பவுண்டுக்கு வாங்கினேன். தூத்துக்குடியில் சித்தியிடம் போனில் “எம்ஜி கார் வாங்கியிருக்கேன்” என்று சொன்னதும், “எம்ஜிஆர் காரா?” என்று கேட்டார். சித்தப்பா மகன் குறுக்கே புகுந்து, “நம்ம தெருவுலயே ரெண்டு எம்ஜி ஹெக்டர் கார் நிக்குதுண்ணே” என்றான். எம்ஜி என்ற பெயர் இப்போது சீனக் கம்பெனி கையில் இருக்கிறது என்பதை அவனுக்கு விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. என் கார் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்ற ஊரில் செய்தது. 1962 முதல் 1980 வரை அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். நான் இருக்கும் டிட்காட்டிலிருந்து ஆபிங்டன் அரை மணி நேரம்கூட இல்லை. பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வாக்கப்பட்டு வந்த பெண் மாதிரி அது என் வாசலில் நிற்கிறது.

எனக்கு விற்றவரும் விளம்பரத்தில் அதையேதான் போட்டிருந்தார்: சில் மாற்றப்பட்டது. இன்றைக்கும் அந்த வார்த்தையைப் பார்த்தால் எனக்கு வாய்க்குள் ஒரு இரும்புச் சுவை வருகிறது.

சில் என்பது கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் நீளப் பெட்டி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு தகடுதான் தெரியும். உள்ளே இன்னும் மூன்று இருக்கின்றன: தரையோடு சேர்ந்த உள்சில், நடுவில் தடுப்பாக நிற்கும் ஒரு தகடு, அடியில் காசில் ரெயில். கோட்டை மதிலின் பல் போல ஏறி இறங்கும் வடிவம் அதற்கு, அதனால் அந்தப் பெயர். எல்லாமே மெல்லிய தகடுதான். ஆனால் நாலும் சேர்ந்தால்தான் கார் கார். இதற்கு முந்தைய எம்ஜிஏவுக்குத் தனிச் சட்டகம் உண்டு, பாடி இற்றுப்போனாலும் அடியில் ஒரு எலும்புக்கூடு மிஞ்சும். எம்ஜிபிக்கு அது கிடையாது. என்னுடையதில் மேலே கூரையும் இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பெட்டிகளும், கியர்பாக்ஸை மூடிக்கொண்டு நடுவில் ஓடும் சுரங்கமும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இங்கே வண்டிகள் சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் எம்ஓடி சோதனை ஆண்டுதோறும் உண்டு. நாற்பது வயது தாண்டி, பெரிதாக மாற்றியமைக்காத வண்டிகளுக்கு 2018 மே மாதத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். சாலை வரியும் கிடையாது. நான் அதைச் சலுகை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அதாவது, நான் வாங்குவதற்கு முந்தைய மூன்று வருஷம் அந்தக் காரின் அடியில் யாருமே டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டியதில்லை. இது வாங்கும்போது என் மண்டையில் ஏறவே இல்லை.

2022 பிப்ரவரியில் ஓட்டுநர் பக்கக் கதவு லேசாக இடிக்க ஆரம்பித்தது. சாத்தும்போது கையால் ஒரு சின்னத் தூக்கு கொடுத்தால்தான் பூட்டு விழும். கீல் தேய்ந்திருக்கும் என்று புது கீல் ஊசி வாங்கினேன். மாற்றினேன். அப்படியேதான் இருந்தது. பிறகு பிரேக் வேலைக்காக முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ரேடியோ போட கதவைத் திறந்தேன். திறந்த கதவு திரும்பச் சாத்தவில்லை. மேல் மூலை பின்தூணில் போய் முட்டி நின்றது. ஸ்டாண்டை எடுத்துக் காரை இறக்கினேன், சாத்தியது. மறுபடி தூக்கினேன், முட்டியது. கார் நடுவில் வளைகிறது. குளிரில் கராஜ் தரையில் உட்கார்ந்து இதை மூன்று தடவை செய்து பார்த்தேன், ஏதோ நாலாவது தடவை மாறிவிடும் என்பது போல.

அடியில் படுத்துப் பார்த்தால் எல்லாம் பளபளவென்று கறுப்பு. தார் மாதிரி அண்டர்சீல் பூசியிருந்தார்கள். நகத்தால் அழுத்தினேன், நகம் பதிந்தது. பழைய பூச்சு என்றால் காய்ந்து வெடித்திருக்கும். இது விற்பதற்காக அடித்த பூச்சு. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங், அப்புறம் ‘தொப்’. தொப் என்ற இடத்தில் முனையைத் திருப்பி வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போனது.

கிரைண்டரால் வெளித்தகட்டை வெட்டி எடுத்த அன்றுதான் முழுக் கதையும் தெரிந்தது. நான் சில் என்று நினைத்தது மூடி. இற்றுப்போன பழைய சில்லை அப்படியே விட்டு, அதன் மேலேயே ஒரு புதுத் தகட்டைப் பற்றவைத்து, ஓரங்களில் பட்டி போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். உள்ளே மஞ்சள் நிறத்தில் நுரை, ஜன்னல் இடுக்கை அடைக்க அடிப்பார்களே, அது. பிழிந்தால் தண்ணீர் வந்தது. உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள். இந்தக் கார் உப்பையும் தின்று, தண்ணீரையும் குடித்து, எல்லாவற்றையும் பஞ்சில் ஒற்றி உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தது. காசில் ரெயில் இருந்த இடத்தில் அப்பளம் அப்பளமாகப் பழுப்புச் செதில். கூட்டி அள்ளிச் சமையலறைத் தராசில் வைத்தேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் 2 கிலோ 300 கிராம். “என்னங்க, அதுல நான் மாவு அளக்கணும்” என்றாள் மனைவி. புதுத் தராசுச் செலவையும் கார்க் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? முன்சக்கரம் தூக்கி அடிக்கும் சேறு, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு தடுப்புத் தகட்டைத் தாண்டக் கூடாது. அதைச் சுற்றி ஒரு ரப்பர் ஓரம் இருக்கும். நாற்பது வருஷத்தில் அந்த ரப்பர் என்ன ஆகும்? சேறு உள்ளே போய், முன் மட்கார்டின் கீழ் மூலையில் சில்லின் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுகிறது. காயவே காயாது. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே சட்டைப் பொத்தான் அளவுக்குக் கொப்புளம் தெரிந்தால், உள்ளே உள்ளங்கை அளவுக்கு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு வேறு. செஷயரில் வின்ஸ்ஃபர்டு என்ற ஊரில் பூமிக்கடியில் வெட்டி எடுக்கிறார்கள். உப்பளத்து ஊரில் பிறந்து, ஜன்னல் கம்பியைச் சுரண்டிச் செதில் எடுத்து விளையாடி வளர்ந்தவன் நான். எனக்குமா இது தெரியாமல் போனது?

நியாயமாகப் பேசினால், விற்றவர் அதை அப்படி வாங்கியவராகவே இருந்திருக்கலாம். சில் வேலைக்கு ஒரு பழைய ரசீது காட்டினார், பொய்யான ரசீது இல்லை. வேலை செய்ததும் உண்மை. ஆனால் அந்தக் கறுப்புப் பூச்சு நகத்தில் ஒட்டியதை நினைக்கும்போது நியாயம் எல்லாம் போய்விடுகிறது.

என் மொத்தத் திட்டம் 1,500 பவுண்டு. கார்ப்பெட், புதுக் கூரைத் துணி, கொஞ்சம் பெயிண்ட். முடிந்தபோது கணக்கு 4,100-இல் நின்றது. அதில் பாதி, பக்கத்துக் கிராமத்து ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவரின் நாட்கூலி. நானும் பழைய மிக் வெல்டிங் செட் ஒன்று வாங்கினேன். ஆனால் அவர் என் முதல் தையலைப் பார்த்துவிட்டு, மெதுவாக மாஸ்க்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு தேய்ப்பது, வெட்டுவது, டீ போடுவது மட்டும் என் வேலை.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. முதலில் கதவு வாய்க்குக் குறுக்கே, உள்பக்கமாக, சதுரக் குழாய் ஒன்றை முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இழுத்துப் பிடித்தார். சில்லை வெட்டியதும் கார் மடங்கிவிடாமல் இருக்க. ஒரு பக்கம் முழுக்க முடியும்வரை மறுபக்கத்தைத் தொடவில்லை. புது உள்தகடு, காசில் ரெயில், நடுத்தகடு என்று ஒவ்வொன்றையும் புள்ளி புள்ளியாகப் பிடித்து நிறுத்துவார். உடனே கதவை மாட்டுவார், சாத்துவார், இடைவெளியைப் பார்ப்பார். பார்ப்பதற்கு அளவுகோல் இல்லை, இரண்டு 2 பென்ஸ் நாணயம். சேர்த்து வைத்தால் சுமார் நாலு மில்லி. மேலிருந்து கீழ்வரை அந்த நாணயங்கள் இடிக்காமலும் ஆடாமலும் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் புள்ளியை அறுத்துவிட்டு மறுபடி. ஒரு சனிக்கிழமை முழுக்க எங்கள் இருவருக்கும் இடையே நடந்த பேச்சு “ம்ஹூம்” மட்டும்தான்.

முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றலாம். பின்பக்க மட்கார்டின் அடியை வெட்டித்தான் ஆக வேண்டும், சில்லின் வால் அதற்குள் போகிறது. இதுதான் தம்பி கவனிக்க வேண்டிய இடம். மட்கார்டைக் கழற்றாமல், வெட்டாமல் சில்லை முழுதாக மாற்றவே முடியாது. ‘மாத்தியாச்சு’ என்றால் மட்கார்டு இல்லாமல் எடுத்த போட்டோவைக் கேள். போட்டோ இல்லையா, அடியில் படு. கோட்டைப் பல் கூர்மையாகத் தெரிகிறதா பார். எல்லாம் வழவழவென்று கறுப்பாக இருந்தால் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டு வந்துவிடு.

சரி, நல்லதையும் சொல்லிவிடுகிறேன். உதிரிப்பாகம். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆச்சரியம்தான். 1980-இல் நிறுத்திய காருக்கு முழு பாடியையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ், பழைய அச்சுகளையே வைத்துச் செய்கிறது. என் காசில் ரெயில் மூன்று நாளில் வீட்டு வாசலுக்கு வந்தது. போன வருஷம் என் மனைவியின் ஆறு வயது காருக்கு ஒரு பக்கக் கண்ணாடியின் மூடிக்கு ஐந்து வாரம் காத்திருந்தோம்.

வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் பொத்தான் கியர்த் தலையிலேயே இருக்கிறது. கட்டை விரலால் தள்ளினால் இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு இறங்கும். அதற்காகவே தேவையில்லாத இடத்திலும் தள்ளுகிறேன். இந்த நாலு வருஷத்தில் இன்ஜின் ஒருநாள்கூட நடுவழியில் நிற்கவில்லை. எல்லாவற்றையும் விடக் கதவு. இப்போது ஒரு விரலால் தள்ளினால் ‘டக்’. அவ்வளவுதான் சத்தம். ராத்திரி பால் வாங்கப் போய் வந்து, எதையோ மறந்தவன் போலத் திரும்பப் போய் இன்னொரு தடவை சாத்திவிட்டு வருவேன்.

தம்பி, வாங்காதே.

இதைப் படித்தால் “நல்லாத்தானே சொல்றீங்க அண்ணே” என்பாய். போன மாதம் கேட்டிருந்தால் வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போதெல்லாம் கட்டாயம் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை 54 பவுண்டு 85 பென்ஸ் கட்டி எம்ஓடி சோதனைக்குக் கொண்டுபோகிறேன். ஜனவரியில் உப்புப் போட்ட சாலையில் எடுப்பதில்லை. சில்லுக்குள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மெழுகு அடிக்கிறேன். நேற்றுக் கழுவித் துடைத்தபோது இடது பின் மட்கார்டின் அடியில், சக்கரத்துக்கு ஒரு கை தள்ளி, பெயிண்ட் லேசாக எழும்பியிருந்தது. மிளகு அளவு. தடவினால்தான் தெரிகிறது. போன தடவை நாங்கள் வெட்டாமல் விட்ட இடம் அது.

ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் குத்திப் பார்க்கவில்லை. ஈரம் துடைத்து, உறை போட்டு மூடிவிட்டு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்.