பிரிட்டனின் வட்டார வகைப்பாடு: இலவசமானதா, விலைக்கு வாங்குவதா?

பிரிட்டனில் ஒரு தொண்டு அமைப்போ நூலகமோ தன் சேவை எந்தத் தெருக்களை எட்டவில்லை என்று அறிய முற்படும்போது, பகுதிகளை அங்கு வாழ்வோரின் பொது இயல்பை வைத்துப் பிரிக்கும் வகைப்பாடுகளில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து உருவான ஓ.ஏ.சி.யைக் (Output Area Classification) கொள்வதா, ஏகார்ன் போன்ற வணிக வகைப்பாட்டை வாங்குவதா என்ற தயக்கம் எழுகிறது.

செலவு: ஓ.ஏ.சி. இலவசம், ஏகார்னுக்கு உரிமக் கட்டணம் உண்டு.

நுணுக்கம்: முன்னது சராசரியாக 125 வீடுகள் கொண்ட கணக்கெடுப்புப் பரப்பை ஓர் அலகாகக் கொள்கிறது, பின்னது ஏறத்தாழ 15 முகவரிகளே அடங்கும் அஞ்சல் குறியீடு வரை இறங்குகிறது.

புதுமை: கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் நடப்பதால் ஓ.ஏ.சி. விரைவில் பழையதாகிறது, வணிக வகைப்பாடுகள் இடையிடையே புதுப்பிக்கப்படுகின்றன.

வெளிப்படைத்தன்மையில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பை ஒட்டிய ஓ.ஏ.சி., வயது, வீட்டுவசதி, தொழில் முதலான 60 மாறிகளைக் கொண்டு, ஒத்தவற்றை ஒன்றுசேர்க்கும் கே-மீன்ஸ் என்ற கணக்கு முறையில் பரப்புகளைத் தொகுத்து, 8 பெருங்குழுக்கள், 26 குழுக்கள், 76 உட்குழுக்கள் என மூன்று அடுக்குகளாகப் பிரித்தது. அதன் வழிமுறை முழுவதும் வெளியிடப்பட்டிருப்பதால் எவரும் சரிபார்க்கலாம். வணிக வகைப்பாட்டின் உட்கணக்கு நிறுவனத்தின் இரகசியம். (குழுக்களுக்குச் சூட்டப்படும் கவர்ச்சியான பெயர்களில் மயங்க வேண்டாம், இரண்டுமே பகுதியின் இயல்பைச் சொல்கின்றனவே தவிர, அங்கு வாழும் தனிமனிதரின் இயல்பை அல்ல.)

பொதுப்பணத்தைப் பங்கிடுவோருக்கும் ஆய்வாளருக்கும், முடிவுக்கு விளக்கம் தர வேண்டியிருப்பதால், ஓ.ஏ.சி.யே பொருந்தும், கடைக்கு இடம் தேடும் வணிகருக்கு ஏகார்னின் கட்டணம் வீணாகாது.